ஆலைப் பாதுகாப்பில் தொழிலாளியின் பங்கு: கடலூர், புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை பக்கத்து ஆலைகளிலும் பாதுகாப்புப் பயிற்சி நடத்தும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. மேனேஜர்கள் கூட்டத்தில் கேட்டவையும் உண்டு, ஷிப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் தனியாக நிறுத்தி வைத்துக் கேட்டவையும் உண்டு. யார் கேட்டது என்பது படித்தாலே தெரியும்.

மாதாமாதம் பாதுகாப்புக் கூட்டம் போடுகிறோம். "ஏதாவது சொல்லணுமா?" என்றால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். இவர்களுக்குத் தங்கள் உயிர் மேலேயே அக்கறை இல்லையா?

அக்கறை இல்லாமல் இல்லை. போன தடவை சொன்னதற்கு என்ன நடந்தது என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு மருந்து ஆலையில் பார்த்ததைச் சொல்கிறேன். சால்வென்ட்டை (எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் திரவத்தை) டிரம்மிலிருந்து ரியாக்டருக்கு (ரசாயன வினை நடக்கும் கலத்துக்கு) ஏற்றும் இடம். டிரம்மில் எர்த்திங் கிளிப் மாட்டித்தான் ஏற்ற வேண்டும். திரவம் குழாயில் ஓடும்போது நிலை மின்சாரம் சேரும், அது வழிந்து போக வழி இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். கிளிப்பின் பல் கூராக இருந்து, டிரம்மின் பெயின்ட்டைக் கீறி உள்ளே இருக்கிற இரும்பைக் கவ்வினால்தான் பலன். அங்கே இருந்த கிளிப்பில் பல் தேய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்து, கட்டுக் கம்பியால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். கிளிப் இருக்கிறது, ஆனால் பெயின்ட் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆடிட்டுக்கு வருகிறவர் தூரத்திலிருந்து பார்த்து டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். "மாத்தச் சொல்லலையா?" என்று ஆபரேட்டரைக் கேட்டேன். "சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? ரெண்டு தடவ சொன்னேன். ஸ்டோர்ல இல்லன்னாங்க. மூணாவது தடவ சொன்னா, இவன் வேல செய்யாம சாக்கு சொல்றான்னுவாங்க" என்றார்.

அந்த மனிதருக்கு ஆபத்து எங்கே என்று தெரியும், ஏன் என்றும் தெரியும். கம்பியை இறுக்கிக் கட்டித் தன்னால் முடிந்ததையும் செய்திருந்தார். அவரிடம் இல்லாதது பதில் மட்டும். கூட்டத்தில் வாய் மூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள். எனவே "எப்படிப் பேச வைப்பது" என்று கேட்பதை விட்டுவிட்டு, போன மாதம் பேசியவருக்கு என்ன பதில் கொடுத்தோம் என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

தொழிலாளியைக் கலந்துகொண்டுதான் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதா, அல்லது நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்களா?

சட்டத்தில் இருக்கிறது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி போபாலில் நடந்த விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி ஒரு புதிய அத்தியாயமே சேர்த்தார்கள். அபாயகரமான பொருளைக் கையாளும் ஆலையில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 41ஜி பிரிவு சொன்னது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகப் பட்டால் எச்சரிக்கும் உரிமையை 41எச் தொழிலாளிக்குக் கொடுத்தது. என்னென்ன ரசாயனம், அதனால் என்ன கெடுதல் என்ற தகவலைத் தொழிலாளிக்குத் தெரிவிப்பதும் அப்போதுதான் கடமையானது.

2020இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. அதிலும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகத்தின் எண்ணிக்கையை விடக் குறையக் கூடாது. ஆபத்து என்று பட்டால் முதலாளியிடம் நேராகவோ குழு உறுப்பினர் மூலமாகவோ சொல்லி, அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. பாதுகாப்புக்காகச் செய்த எதற்கும் அவரிடம் காசு பிடிக்கக் கூடாது. ஹெல்மெட்டுக்கும் ஷூவுக்கும் சம்பளத்தில் கழிக்கிற காண்ட்ராக்டர்கள் கடைசி வரியை இன்னொரு தடவை படிப்பது நல்லது.

குழுவில் யாரைப் போடுவது? எங்கள் ஹெச்.ஆர். ஒரு பட்டியல் தயாரித்துவிட்டார்.

அந்தப் பட்டியலைக் கிழித்துவிடலாம். ஹெச்.ஆர். பொறுக்கியெடுக்கும் ஆட்கள் பொதுவாகத் தலையாட்டும் ஆட்கள். ஒவ்வொரு செக்‌ஷனிலும் "உனக்கு ஒரு சந்தேகம்னா யார்கிட்ட போய்க் கேப்ப?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரே பெயர்தான் வரும். பெரும்பாலும் கொஞ்சம் வாய்த்துடுக்கான, வேலை நன்றாகத் தெரிந்த, மேனேஜருக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஆளாக இருப்பார். அவரைத் தொழிலாளிகளே தேர்ந்தெடுக்கட்டும்.

மெயின்டனன்ஸ் பிட்டர் ஒருவர், இடிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பில்) வேலை செய்பவர் ஒருவர், ஸ்டோரிலிருந்து ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். உற்பத்திப் பிரிவையே பார்த்துக்கொண்டிருந்தால் இவர்கள் விட்டுப்போவார்கள், ஆபத்து அதிகம் இவர்களுக்குத்தான்.

யூனியன் ஆட்களை உள்ளே விட்டால் எல்லாம் சம்பளப் பேச்சாக மாறிவிடாதா?

சில நேரம் மாறும். கூட்டத்தின் தலைவர் "இது வேற மேஜை" என்று சொல்லி நிகழ்ச்சி நிரலுக்குத் திருப்ப வேண்டியதுதான். ஆனால் எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிட முடியாது. டபுள் டூட்டி பற்றிப் பேசினால் அது சம்பளப் பேச்சா, பாதுகாப்புப் பேச்சா? பதினாறு மணி நேரம் முழித்திருப்பவர் கையில் வால்வு இருந்தால் அது பாதுகாப்புதான்.

புதுச்சேரிக்கு இது புதிதும் இல்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவலர்கள் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. வேலை நேரத்துக்காக உயிரைக் கொடுத்த ஊரில் களைப்பைப் பற்றிப் பேசாதே என்று யாரிடமும் சொல்ல முடியாது.

மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதச் சொல்லிப் பெட்டி வைத்திருக்கிறோம். வெறும் பெட்டியாகவே இருக்கிறது.

பெட்டி எங்கே இருக்கிறது? ஆபீஸ் வாசலில், கேமராவுக்குக் கீழே என்றால் ஒரு சீட்டும் விழாது. பேப்பர் எப்படி இருக்கிறது? நான்கு பக்கம், ஆங்கிலத்தில், "மூல காரணம்" என்று ஒரு கட்டம், எழுதுகிறவர் கையெழுத்து என்று ஒரு கட்டம் என்றால், ஷிப்ட் முடிந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் அதை எழுத மாட்டார்.

கன்ட்ரோல் ரூமில் ஒரு நீள நோட்டு போதும். தேதி, இடம், என்ன பார்த்தேன். தமிழில், அவர் பேசுகிறபடியே. "2வது மாடி படிக்கட்டுல கைப்பிடி ஆடுது" என்றால் அதுவே முழுமையான அறிக்கை. எழுத வராதவர் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பட்டும், சூப்பர்வைசர் அதை நோட்டில் எழுதட்டும். முக்கியமானது வலது பக்கத்துக் கட்டம்: யார் பார்க்கிறார்கள், எப்போது முடியும், முடிந்ததா. முடியாவிட்டால் ஏன் முடியவில்லை. "பார்ட் வர மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் இந்த லைனை மூடி வெச்சிருக்கோம்" என்பதும் நல்ல பதில்தான். 48 மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு பதில் அந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்.

முதலில் வருபவை எல்லாம் குடிதண்ணீர், கக்கூஸ் கதவு, கேண்டீன் சாம்பார் பற்றித்தான் இருக்கும். சிரிக்காதீர்கள். உங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தால் அடுத்து ரியாக்டரின் பிரஷர் கேஜ் பற்றி எழுதுவார்கள்.

"விபத்தில்லாத 365 நாட்கள்" என்று போர்டு வைத்து, எல்லோருக்கும் பிரஷர் குக்கர் பரிசு தருகிறோம். நல்ல ஊக்கம்தானே?

விபத்தை மறைக்க நல்ல ஊக்கம். 364ஆவது நாள் ஒருவர் விரலில் அடிபட்டால் கூட இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? "சும்மா இருடா, எல்லாருக்கும் குக்கர் போயிடும்" என்று சொல்லி, துணியைச் சுற்றி, வெளியே ஒரு தனியார் கிளினிக்குக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் நடந்தது என்று எழுதினால் பிறகு இ.எஸ்.ஐ. பலனும் கைநழுவும்.

பரிசு கொடுக்க ஆசை என்றால் ஆபத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்குக் கொடுங்கள். அதிலும் பணத்தை விட, மொத்த ஷிப்டும் நிற்கும்போது பெயரைச் சொல்லி "இவர் சொன்னதால இந்தக் குழாயை மாத்தினோம்" என்று பிளான்ட் மேனேஜர் தன் வாயால் சொல்வதற்கு மதிப்பு அதிகம். பெயரைச் சொல்ல அவர் ஒப்புக்கொண்டால் மட்டும்.

ஆபத்து என்றால் வேலையை நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டால், சோம்பேறிகள் தினமும் நிறுத்த மாட்டார்களா?

இந்தப் பயம் எல்லா மேனேஜர்களுக்கும் இருக்கிறது. நான் பார்த்த வரையில் நடப்பது நேர் எதிர்: உரிமை இருந்தும் யாரும் நிறுத்துவதில்லை. உற்பத்தி கெட்டுவிடும், பேட்ச் வீணாகிவிடும், திட்டு விழும் என்று கண்ணெதிரே கசிவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள். தவறாகப் பயன்படுத்துகிறவர் ஒருவர் இருந்தால் அவரை ஊருக்கே தெரியும். அவருக்காக மற்றவர்களின் வாயைக் கட்டாதீர்கள்.

ஒருவர் நிறுத்திப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், அந்த ஐந்து நிமிடத்தில் சூப்பர்வைசர் என்ன சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "நிறுத்தினது சரி, பாத்துட்டோம், இப்ப ஓட்டுங்க" என்றால் அடுத்த தடவையும் நிறுத்துவார். "இதுக்கா நிறுத்துன?" என்றால் நிஜமாகவே வெடிக்கப்போகும் அன்றைக்கு நிறுத்த மாட்டார்.

ஷிப்ட் மாறும்போது என்னதான் பேச வேண்டும்? பத்து நிமிடம் வீணாகிறது என்கிறார்கள்.

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றி, அந்த இடத்தைத் தற்காலிகமாக மூடி வைத்திருந்தார்கள். அந்தத் தகவல் அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் இன்னொரு பம்ப் நின்றபோது இதை ஓட்டினார்கள். வாயு வெளியேறித் தீப்பிடித்தது. அடுத்த ஆண்டே, கடல் மேடைகளில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதிகள் வேண்டும் என்று பிரிட்டன் விதி கொண்டுவந்தது.

நம் ஆலையில் ஏ ஷிப்ட் ஆள் பஸ்ஸுக்கு நிற்கிறார், பி ஷிப்ட் ஆள் பஸ் லேட்டாகி ஓடி வருகிறார். இருவரும் கேட்டில் பார்த்துத் தலையசைத்துக்கொள்வதோடு பொறுப்பு கைமாறிவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்குச் சம்பளம் கொடுங்கள். இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, லாக் போட்ட வால்வைத் தொட்டுக் காட்டி, திறந்திருக்கும் பெர்மிட்டை (ஆபத்தான வேலைக்குக் கொடுத்த எழுத்து அனுமதியை) படித்துக் காட்டி ஒப்படைக்கட்டும். வாங்குகிறவர் திருப்பிச் சொல்லட்டும்.

காண்ட்ராக்ட் ஆட்களை எப்படிச் சேர்ப்பது? இன்று இருப்பவர் நாளை இல்லை.

நாளைக்கு இல்லாதவர்தான் இன்றைக்குத் தொட்டிக்குள் இறங்குகிறார். அதிக ஆபத்தான வேலைகள், அதாவது தொட்டி சுத்தம், உயரத்து வெல்டிங், கூரை ஷீட் மாற்றுவது, இவையெல்லாம் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. காலையில் பெர்மிட் எழுதும் மேஜைக்கு மேஸ்திரி மட்டும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதை நிறுத்துங்கள். இறங்கப்போகிறவரையே கூப்பிட்டு, கேஸ் மீட்டரை அவர் கையில் கொடுத்து, ஆக்சிஜன் எவ்வளவு காட்டுகிறது என்று அவரே படிக்கட்டும். 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த ஆலையிலும் அதைக் கேட்பார்.

தொட்டியைப் பற்றி இன்னொன்று. உள்ளே மயங்கியவரைத் தூக்கப் போய், பின்னாலேயே இறங்கியவர்களும் சாவது இந்த வேலையில் வழக்கமாக நடக்கும் கொடுமை. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கு) அளவைத் தொட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பது பலருக்குத் தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைப்பார்கள். தம்பி உள்ளே கிடக்கும்போது அண்ணனை இறங்காதே என்று தடுப்பது கஷ்டம். அதனால்தான் வெளியே நிற்கும் ஆளுக்கு முன்கூட்டியே பயிற்சி வேண்டும்: இறங்காதே, கத்து, கயிற்றை இழு, மூச்சுக்கருவியோடு ஆள் வரும் வரை இன்னொருவரையும் இறங்க விடாதே. இதை வருடத்துக்கு இரண்டு தடவையாவது நடத்திப் பார்க்காமல் சுவரில் ஒட்டி வைத்துப் பயனில்லை.

பீகார், ஒடிசா தம்பிகளுக்குத் தமிழ் தெரியவில்லை. என்ன செய்வது?

அவர்களிலேயே கொஞ்சம் தமிழ் பிடித்துக்கொண்ட ஒருவர் எப்போதும் இருப்பார். அவரைக் குழுவில் உட்கார வையுங்கள், அதற்கு ஒரு படியும் கொடுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எந்த மொழிக்காரரும் தலையாட்டுவார். "செஞ்சு காட்டு" என்று கேளுங்கள்.

ஹெல்மெட், மாஸ்க் போட மாட்டேன் என்கிறார்களே?

அக்னி நட்சத்திரத்தில், நண்பகலில், நீங்களே அந்த ரப்பர் சூட்டையும் முழு முக மாஸ்க்கையும் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பேக்கிங் பகுதியில் நின்று பாருங்கள். பிறகு பேசுவோம்.

மூன்று வகை மாஸ்க் சாம்பிள் வாங்கி, போடப்போகிறவர்களிடமே கொடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, எது ஒத்துவருகிறது என்று கேட்டு வாங்கினால் பாதிச் சண்டை தீரும். அதற்கும் மேலே, அந்தத் தூள் ஏன் பறக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காற்று உறிஞ்சியைச் சரிசெய்தால் மாஸ்க்கின் அவசியமே குறையும். மாஸ்க்கைக் கடைசித் தடுப்பு என்றுதான் பாதுகாப்புப் படிப்பும் சொல்லித்தருகிறது. நாம்தான் அதை முதலில் வைத்துவிட்டு ஆளைத் திட்டுகிறோம்.

பெண் தொழிலாளர்களிடம் தனியாகக் கேட்க வேண்டுமா?

வேண்டும். 2020 செப்டம்பர் 4 அன்று காட்டுமன்னார்கோயில் பக்கம் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இறந்த ஒன்பது பேரும் பெண்கள். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் "ஏம்மா, ஒனக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கடைசியில் கேட்டால் பதில் வராது. பேக்கிங் பகுதியில் அவர்கள் உட்காரும் இடத்துக்குப் போய், ஒரு பெண் அதிகாரியோ மூத்த தொழிலாளியோ கேட்டால் வரும். கையுறை பெரியதாக இருக்கிறது, ஷூ அளவு இல்லை, புடவை மேல் கோட் சிக்குகிறது என்று ஆரம்பிக்கும்.

அவசர ஒத்திகை நடத்துகிறோம். அதில் தொழிலாளி என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்?

வாயு கசிந்தால் காற்றுக்கூம்பை (காற்று அடிக்கும் திசையைக் காட்டும் துணிக்கூம்பை) பார்த்து, காற்றுக்குக் குறுக்கே நடந்து வெளியேற வேண்டும் என்று பாடம். ஓர் ஆலையில் இடிபி பகுதியில் நின்றால் காற்றுக்கூம்பே கண்ணில் படாது. புதிதாகக் கட்டிய டேங்க் மறைத்துவிட்டது. படம் வரைந்தவருக்குத் தெரியாது, அங்கே தினமும் நிற்பவருக்குத் தெரியும். காலையில் ஒரு பக்கம் அடிக்கும் காற்று, மதியம் கடல்காற்று திரும்பியதும் மாறும் என்பதும் அவருக்கே நன்றாகத் தெரியும். ஒத்திகை முடிந்ததும் "எத்தனை நிமிஷத்துல வந்தோம்" என்று கைதட்டிவிட்டுக் கலையாதீர்கள். எங்கே முட்டிக்கொண்டீர்கள், எந்தக் கதவு பூட்டியிருந்தது, சைரன் எங்கே கேட்கவில்லை என்று கேளுங்கள். சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் வீடு இருக்கிற தொழிலாளிக்கு இது தன் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம். அவரிடமிருந்து நல்ல யோசனைகள் வரும்.

புயல், ஊரடங்கு என்று நாள்கணக்கில் மூடிவிட்டுத் திறக்கும்போது?

2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினத்தில் ஊரடங்குக்குப் பிறகு திறக்கவிருந்த ஆலையில் ஸ்டைரீன் கசிந்தது. அதே நாள் மாலை நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து. ஜூலை 1 அன்று அங்கேயே இன்னொன்று. அடுத்த ஆண்டு மே 13 அன்று கடலூர் சிப்காட்டின் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆனால் பொதுவாக, ஓடிக்கொண்டிருக்கும் ஆலையை விட நிறுத்தித் திறக்கும் ஆலைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது நமக்கு மறக்காது. அதுபோல ஒன்று வந்து போன பிறகு, ஸ்விட்ச் போடும் முன் அந்தந்த பகுதி ஆபரேட்டர், பிட்டர், எலக்ட்ரீஷியன் மூவரும் சேர்ந்து லைனைக் கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று நடந்து வரட்டும். தண்ணீர் எதில் ஏறியது, எந்தக் கேபிள் நனைந்தது என்று எழுதட்டும். மூவரும் சரி என்ற பிறகுதான் ஸ்டார்ட். உற்பத்தி மேலாளர் அவசரப்படுவார், அது அவர் வேலை.

இருபது, முப்பது பேர் வேலை செய்யும் சின்ன யூனிட். இதெல்லாம் எங்களுக்கும் வேண்டுமா?

மின்சாரத்தில் ஓடுகிற, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் புதிய சட்டப்படி தொழிற்சாலைதான். குழு, கோப்பு எல்லாம் வைத்துத் திணற வேண்டாம். காலையில் வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று, "இன்னிக்கு எது வம்பு பண்ணும்?" என்று ஒரு கேள்வி. முதலாளியே தினமும் தரையில் நடக்கும் இடங்களில் இது பெரிய ஆலையை விடச் சுலபம்.

மார்ச் 4 பாதுகாப்பு தினத்தில் உறுதிமொழி, கோலப்போட்டி எல்லாம் நடத்துகிறோமே?

நடத்துங்கள். 1966இல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கிய நாள் அது. கோலத்துக்குக் கொடுக்கும் பரிசு நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அந்த நீள நோட்டில் முடியாமல் கிடப்பவற்றை மேனேஜர் எல்லோர் முன்னாலும் வாசிக்கட்டும்.

நான் ஆபரேட்டர். சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. வெளியே யாரிடம் போவது?

பயம் நியாயமானது. நிரந்தர ஆளை விட காண்ட்ராக்ட் ஆளுக்கு இந்தப் பயம் கூடுதல். ஒன்று, தனியாகச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று பேராக, குழு உறுப்பினர் மூலமாகச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை ஒரு வரி எழுதியும் கொடுங்கள், தேதி போட்டு, நகலைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தைப் படம் எடுக்கக் கூடாது என்று கம்பெனி விதி இருந்தால் அதை மீறி மாட்டிக்கொள்ள வேண்டாம், எழுத்தே போதும்.

கேட்கவில்லை என்றால், கடலூர் மாவட்டத்துக்குத் தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் தொழிலாளர் துறையின் கீழ் தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் ஆய்வாளர் அலுவலகம் இருக்கிறது. புகார் கொடுக்கும்போதே, யார் கொடுத்தது என்பதைக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று எழுதிக் கேளுங்கள். எந்த ஆலை, எந்தக் கட்டடம், எந்த வால்வு, எந்த ஷிப்ட்டில் நடக்கிறது என்று தெளிவாக எழுதினால் நேராக அந்த இடத்துக்கே போவார்கள். "எங்கள் கம்பெனியில் பாதுகாப்பே இல்லை" என்று மட்டும் எழுதினால் கேட்டில் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆள் விழுந்துவிட்டது, தீப்பிடித்துவிட்டது என்றால் முதலில் 108 அல்லது 112, மற்றதெல்லாம் அப்புறம்.